திரைக்குத் தேர்ந்த கதைகள்

1940களின் கல்கத்தாவில் விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராக வேலை பார்த்த இளைஞர் ஒருவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஏதாவது ஒரு கதையைப் படமாக எடுக்கப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தால், அந்தக் கதைக்குத் தானே ஒரு திரைக்கதை எழுதி வைத்துக்கொள்வார். படம் வெளிவந்ததும் போய்ப் பார்த்து, தான் எழுதியதோடு ஒப்பிடுவார். எழுதச் சொன்னவர் எவருமில்லை, எழுதியதைப் படித்தவரும் அநேகமாக இல்லை. சத்யஜித் ரே என்ற இயக்குநர் உருவானதில் இந்த வீட்டுப்பாடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. படமெடுக்கக் கற்பதற்கு முன்னால், எதைப் படமாக எடுக்கலாம், அதில் எதை விடலாம் என்று தேர்வதை அவர் கற்றுக்கொண்டார்.

புத்தகம் படிக்கிறவர்கள் நாலு பேர் கூடினால் அந்தப் பேச்சு வராமல் போகாது. “இதைப் படமாக எடுத்தால் எப்படி இருக்கும்!” அப்படிச் சொல்லும்போது பெரும்பாலும் நம் மனத்தில் இருப்பது கதையின் பரப்பு. போர், வெள்ளம், கொலை, நான்கு தலைமுறை, எதிர்பாராத திருப்பம். நிறைய நடக்கிறது, ஆகவே படமாகும் என்று எண்ணிக்கொள்கிறோம். உரிமை வாங்க வருகிற தயாரிப்பாளர்களும் அதையே கேட்கிறார்கள். கொல்கத்தாவில் வாழும் தமிழனாக, இந்த ஊர் இயக்குநர்களின் படங்களையும் அவற்றின் மூலநூல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தும் படித்தும் வந்ததில் எனக்குப் பட்டது வேறு. ஒரு கதையோ நிகழ்வோ திரைக்குத் தகுதி பெறுவதைத் தீர்மானிப்பவை இரண்டு. அதைத் தேர்ந்தவர் அதை எவ்வளவு காலம் படித்தார்; எந்த இடத்தில் நின்று படித்தார்.

பிபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘பதேர் பாஞ்சாலி’ 1929இல் நூலாக வந்தது. ஆர். சண்முகசுந்தரத்தின் மொழிபெயர்ப்பு வழியே தமிழிலும் நாம் படித்த நாவல். திருப்பங்களைத் தேடுகிறவருக்கு அதில் கதையே இல்லை. நிச்சிந்திபுரம் என்ற கிராமத்தில் ஏழைப் புரோகிதர் வீடு, இரண்டு குழந்தைகள், யாருக்கும் வேண்டாத ஒரு கிழவி, மழை, பசி, காட்டுப்பழங்கள். 1944 வாக்கில் சிக்னெட் பிரஸ் நடத்திய டி.கே. குப்தா இதைச் சிறுவர்களுக்குச் சுருக்கி வெளியிட்டபோது, படம் வரையும் வேலை ரேயிடம் வந்தது. இந்தச் சுருக்கத்தை நல்ல படமாக எடுக்க முடியும் என்று ரேயிடம் சொன்னவர் குப்தா. ஒரு பக்கத்துக்கு எந்தக் கணத்தை வரைவது என்று தேடும் ஓவியனின் கண்ணோடு ரே அந்த நாவலைப் படித்தார். 1950இல் நிறுவன வேலையாக லண்டன் போனார். அங்கே இருந்த சில மாதங்களில் ஏறக்குறைய நூறு படங்கள் பார்த்தார். ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ அவற்றில் ஒன்று. கப்பலில் திரும்பி வரும் வழியில் தன் படத்தின் குறிப்புகளை எழுதத் தொடங்கினார். 1952 அக்டோபரில் முதல் நாள் படப்பிடிப்பு. 1955 ஆகஸ்ட் 26 அன்று கொல்கத்தாவில் படம் வெளியானது. ஓவியம் வரைந்த நாளிலிருந்து எண்ணினால் பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்த நாவல் அவரோடு இருந்திருக்கிறது.

அந்தப் பத்து ஆண்டுகள் என்ன செய்தன என்பதை ஒரே ஒரு இடத்தை வைத்துப் பார்க்கலாம். நாவலில் கிழவி இந்திர் டாக்ருண் ஆரம்பத்திலேயே இறந்துபோகிறாள். அப்பு அப்போது கைக்குழந்தை. துர்காவும் அப்புவும் ரயில் பார்க்கக் கிளம்பி, வழி தவறி, பார்க்காமலே வீடு திரும்புகிறார்கள். துர்கா கடைசிவரை ரயிலைப் பார்ப்பதே இல்லை. ரே கிழவியைச் சில ஆண்டுகள் கூடுதலாக வாழவைத்தார். அக்காவும் தம்பியும் நாணல் பூத்த வெளியில் ஓடுகிறார்கள். தண்டவாளத்தருகே போய்ச் சேருகிறவன் அப்பு. துர்கா இடறி விழுந்துவிடுகிறாள். கரும்புகையோடு ரயில் போய்விடுகிறது. திரும்பும் வழியில், மூங்கில் புதரருகே குந்தியிருக்கும் கிழவியைத் துர்கா விளையாட்டாகத் தொட்டு உலுக்குகிறாள். உடல் சாய்ந்து விழுகிறது. நாவலில் விலகிக் கிடந்த இரண்டு நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்ததில், புதிய உலகத்தை முதன்முதலில் பார்த்த அதே நாளில் பழைய உலகம் கண்முன் செத்துக் கிடப்பதைக் குழந்தைகள் பார்க்கிறார்கள். பிபூதிபூஷண் இதை எழுதவில்லை. ஆனால் அவர் எழுதியதைப் பல்லாண்டு படித்த ஒருவருக்குத்தான் இது தோன்றும்.

இன்னொன்று. நாவலில் துர்கா இறந்தபின் அவள் திருடி ஒளித்துவைத்த பொருள் அப்புவின் கையில் கிடைக்கிறது. அது பொன்னாலான குங்குமச் சிமிழ். அவன் அதை மூங்கில் காட்டுக்குள் எறிந்துவிடுகிறான். படத்தில் அது ஒரு மணிமாலை. அவன் அதைக் குளத்தில் எறிகிறான். பாசி விலகி, நீர் தெரிந்து, மறுபடி மெல்ல மூடிக்கொள்கிறது. அக்காவின் குற்றம் ஊரின் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது என்பதை வசனமின்றிச் சொல்ல மூங்கில் காட்டால் முடியாது, குளத்தால் முடியும். நாவலுக்கு விசுவாசமாக இருப்பது என்பது பொருள்களை அப்படியே எடுத்துவைப்பதில் இல்லை. எழுத்தாளன் எதற்காக அந்த இடத்தை எழுதினான் என்பதை விடாமல் பிடித்துக்கொள்வதில் இருக்கிறது.

இந்தப் பொறுமை ரேயிடம் தொடக்கத்திலேயே முழுமையாக இருந்துவிடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. 1940களின் கடைசியில் அவர் தாகூரின் ‘கரே பாய்ரே’ நாவலுக்குத் திரைக்கதை எழுதினார். ஹரிசாதன் தாஸ்குப்தா இயக்குவதாக இருந்த படம் நின்றுபோனது. பல ஆண்டுகள் கழித்து அந்தத் திரைக்கதையைப் படித்துப் பார்த்த ரே, அதன் ஹாலிவுட் சாயலைக் கண்டு, அன்று அது படமாகாமல் போனதே நல்லது என்று எழுதினார். 1984இல்தான் ‘கரே பாய்ரே’ அவர் கையால் படமானது. நின்றுபோன படங்களைப் பற்றி நாம் எப்போதும் வருத்தத்தோடுதான் பேசுகிறோம். தகுந்த காலம் வராமல் எடுக்கப்படும் படம் ஒரு நல்ல நாவலின் வாய்ப்பை ஒரு தலைமுறைக்கு அடைத்துவிடுகிறது என்பதையும் நாம் நினைக்க வேண்டும்.

தாகூர் 1901இல் எழுதிய ‘நஷ்டநீட்’ 1964இல் ‘சாருலதா’வாக வந்தபோது, மூலத்தை மாற்றிவிட்டார் என்று பொருளியலறிஞர் அசோக் ருத்ர ‘பரிசய’ இதழில் எதிர்ப்பு எழுதினார். ரே நீண்ட பதில் எழுதினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் சொன்னார். ஒரு நகரத்தின் சிற்றிதழில், ஒரு பொருளியலறிஞரும் ஓர் இயக்குநரும், ஒரு குறுநாவலின் காட்சி வரிசையைப் பற்றி இப்படி மோதிக்கொள்ள முடிந்தது என்பதை நான் வியப்போடு பார்க்கிறேன். அந்தப் படத்தின் தொடக்கத்தில் சாரு ஜன்னல் ஜன்னலாகப் போய், கைப்பிடி வைத்த சிறு தொலைநோக்கியால் மரச்சட்ட இடுக்கு வழியே தெருவைப் பார்க்கிறாள். பேச்சே இல்லாத சில நிமிடங்கள். பிறகு தன்னைக் கடந்து போகும் கணவனையும் அதே கண்ணாடி வழியாகப் பார்க்கிறாள். தாகூர் பல வாக்கியங்களில் சொன்ன தனிமை அங்கே ஒரு கைப்பொருளாகிவிட்டது. நாவலை முழுக்கத் தெரிந்த வாசகர்கள் நிறைந்த ஊரில்தான் இயக்குநருக்கு இத்தனை கவனம் வேண்டியிருக்கும். வாசகர்கள் விழித்திருந்தால் படமும் விழித்திருக்கும்.

நாவலுக்கு ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். நிகழ்வுக்கு ஆசிரியர் இல்லை. செத்தவர்கள் இருக்கிறார்கள், சாகடித்தவர்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் உண்மை நிகழ்வைத் தேர்வது இன்னும் கனமான காரியம். இந்த நகரம் அதைக் கற்றது 1943இன் பஞ்சத்திடமிருந்து.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. போர்க்காலக் கொள்முதலும் பதுக்கலும் விலையேற்றமும் படகுகளைப் பறித்த அரசின் ஆணையும் சேர்ந்து வங்கத்தின் உழைக்கும் மக்களைப் பட்டினியில் தள்ளின. விசாரணைக் குழு பதினைந்து லட்சம் பேர் இறந்தார்கள் என்றது. பின்வந்த ஆய்வாளர்கள் பலர் முப்பது லட்சத்தை ஒட்டிக் கணக்கிட்டார்கள். கஞ்சித் தண்ணீர் கேட்டு வந்தவர்கள் கல்கத்தாவின் நடைபாதைகளில் இறந்தார்கள். ஜைனுல் ஆபெதீனும் சித்தபிரசாத்தும் உடனே வரைந்தார்கள். சுனில் ஜானா புகைப்படம் எடுத்தார். பிஜன் பட்டாச்சார்யா ‘நபான்ன’ நாடகத்தை எழுதினார். அதையும் கிருஷண் சந்தரின் ‘அன்னதாதா’ கதையையும் அடிப்படையாக வைத்து 1946இல் கே.ஏ. அப்பாஸ் ‘தர்த்தி கே லால்’ படத்தை எடுத்தார்.

ரே 1943 ஏப்ரலில் இதே நகரத்தில் வேலையில் சேர்ந்தவர். பஞ்சம் அவர் கண்முன் நடந்தது. அவர் அதைப் படமாக்கியது முப்பது ஆண்டுகள் கழித்து, 1973இல். அதற்கும் அவர் தேர்ந்தது பிபூதிபூஷணின் ‘அசனி சங்கேத்’ நாவலைத்தான். அதில் கல்கத்தா நடைபாதை இல்லை. சிங்கப்பூர் எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே சிங்கப்பூர் விழுந்த செய்தி வருகிறது, அரிசி விலை ஏறுகிறது, மரியாதைக்குரிய பிராமணக் குடும்பம் மெல்ல மெல்லப் பசியின் பக்கம் நகர்கிறது. படத்தை ரே வண்ணத்தில் எடுத்தார். பச்சை வயல், மின்னும் குளம், பட்டாம்பூச்சி. பஞ்சத்தை இவ்வளவு அழகாகக் காட்டலாமா என்று கேட்டார்கள். 1943இல் பயிர் கருகவில்லை, நிலம் வெடிக்கவில்லை. இத்தனை பசுமைக்கு நடுவே மனிதர்கள் பட்டினி கிடந்தார்கள் என்பதுதான் அந்தப் பஞ்சத்தின் கொடூரம். வறண்ட பூமியைக் காட்டியிருந்தால் பழி வானத்தின் மேல் போயிருக்கும். பஞ்சத்துக்கும் உணவு உற்பத்தியின் அளவுக்கும் நேர்த் தொடர்பு இல்லை என்று அமர்த்தியா சென் 1981இல் நூலாக எழுதி நிறுவினார். எட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கேமரா அந்தப் பச்சையை நமக்குக் காட்டிவிட்டது.

மிருணாள் சென்னுக்கு அந்தப் பஞ்சம் தீராத விஷயம். 1960இல் ‘பாய்ஷே ஸ்ராபண்’ படத்தில் ஒரு கணவன் மனைவிக்குள் பசி எதையெல்லாம் அழிக்கிறது என்று பார்த்தார். இருபது ஆண்டுகள் கழித்து அமலேந்து சக்ரபர்த்தியின் கதையை வைத்து ‘அகாலேர் சந்தானே’ எடுத்தார். 1980 செப்டம்பரில் ஒரு படக்குழு 1943 பஞ்சத்தைப் படமாக்க ஒரு கிராமத்துக்கு வந்து இறங்குகிறது. ஓய்வு நேரத்தில் நடிகை ஸ்மிதா பாட்டீல், பட்டினியால் வதங்கிய மனிதர்களின் புகைப்படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, இது எந்த ஆண்டு என்று கேட்கிறார். மற்றவர்கள் 1943 என்கிறார்கள். ஒரு படம் 1959, ஒரு படம் 1971. படக்குழுவுக்கே சாப்பாடு வேண்டும். சந்தையில் இருக்கிற காய், மீன், முட்டையெல்லாம் அவர்கள் வாங்கிவிடுவதால் ஊரில் விலை ஏறுகிறது. பஞ்சத்தைப் படமெடுக்க வந்தவர்களால் இன்னொரு பஞ்சம் வருகிறது என்று ஊர்க்காரர்கள் சொல்லத் தொடங்குகிறார்கள். பசியால் உடலை விற்கும் பெண்ணாக நடிக்க உள்ளூர்ப் பெண்ணொருத்தியைத் தேடியதும் ஊர் கொதித்துவிடுகிறது. பஞ்ச காலத்தில் பக்கத்து வீட்டான் நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கி வளர்ந்த குடும்பங்களும் அந்த ஊரில் இருக்கின்றன. கடைசியில் குழு மூட்டை கட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குத் திரும்புகிறது. உண்மை நிகழ்வைப் படமாக்க விரும்பும் எவரும் தொடங்குவதற்கு முன் பார்த்தே ஆகவேண்டிய படம் இது. நிகழ்வு முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். நிகழ்வின் லாபமும் நஷ்டமும் இன்னும் அதே ஊரில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றன.

நிகழ்வு, நாவல், படம் என்ற மூன்று கட்டங்களும் இதே நகரத்தில் கண்முன் நடந்த ஒரு கதையும் உண்டு. டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய், உறைவியல் வல்லுநர் சுனித் முகர்ஜி, மகப்பேறு மருத்துவர் சரோஜ்காந்தி பட்டாச்சார்யா ஆகியோரின் முயற்சியால் 1978 அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. உடலுக்கு வெளியே கருவாகிப் பிறந்த குழந்தை. இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்து இரண்டு மாதங்களுக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. துர்கா பூஜைக் காலம். குழந்தைக்குத் துர்கா என்று பெயர் வைத்தார்கள். மாநில அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. அதன் தலைவர் வானொலி இயற்பியல் துறையைச் சேர்ந்தவர். முகோபாத்யாயின் கூற்று நம்பத்தக்கதல்ல என்று குழு தீர்ப்புச் சொன்னது. ஜப்பானில் தன் ஆய்வைப் பற்றிப் பேச வந்த அழைப்பை ஏற்க அனுமதி கிடைக்கவில்லை. 1981இல் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு அவரை மாற்றினார்கள். அந்த ஆண்டு ஜூன் 19 அன்று அவர் தற்கொலை செய்துகொண்டார்.

ரமாபத சௌத்ரி இதை மனத்தில் வைத்து ‘அபிமன்யு’ நாவலை எழுதினார். தபன் சின்ஹா அதை 1990இல் ‘ஏக் டாக்டர் கீ மௌத்’ என்று இந்தியில் படமாக்கினார். படத்தில் பங்கஜ் கபூர் நடித்த மருத்துவர் கண்டுபிடிப்பது தொழுநோய்க்கான தடுப்பூசி. வீட்டு மாடியில், சம்பளப் பணத்தில், குரங்குகளையும் எலிகளையும் வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்கிற மனிதர். பொறாமைப்படும் சகாக்கள், விளக்கம் கேட்டு வரும் கடிதங்கள், தூரக் கிராமத்துக்கு மாற்றல், எல்லாம் நடக்கிறது. ஆனால் அவர் சாவதில்லை. வெளிநாட்டு நிறுவனமொன்றின் அழைப்பை ஏற்கும் இடத்தில் படம் முடிகிறது. தலைப்பில் மரணம் இருக்கிறது, கதையில் மருத்துவர் உயிரோடு இருக்கிறார். இந்த மாற்றத்தை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். தூக்குக் கயிற்றைக் காட்டியிருந்தால் ஒரு மனிதரின் மனநிலை பற்றிய படமாக அது சுருங்கியிருக்கும். அவரை வாழவைத்ததில், கெட்டிக்காரர்களை இங்கிருந்து துரத்திவிடுகிற அலுவலகத்தின் மேல் பழி நேராகப் போய் விழுகிறது.

இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் என்று 1986 முதல் பெயர் பெற்றிருந்த விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமார், 1997இல் கல்கத்தா வந்தபோது முகோபாத்யாயின் ஆய்வுக் குறிப்புகளைப் படித்தார். அந்தப் பெருமை தனக்கல்ல, முகோபாத்யாய்க்கே உரியது என்று எழுதி அறிவித்தார். படம் வந்து ஏழு ஆண்டுகள் கழித்து நடந்தது இது. அரசும் அறிவியல் உலகமும் தர மறுத்த தீர்ப்பை ஒரு நாவலாசிரியரும் ஓர் இயக்குநரும் முன்கூட்டியே தந்துவிட்டார்கள். எந்த உண்மை நிகழ்வு திரைக்குத் தகுதியானது என்று கேட்டால், இதைத்தான் அளவுகோலாகச் சொல்வேன். பதிவேடுகள் பொய் சொல்லும் இடத்தில், அல்லது வாய் திறக்காத இடத்தில், கலைக்கு வேலை இருக்கிறது. தீர்ப்பு வந்து, சிலை வைத்து, பாடநூலில் ஏறிவிட்ட வாழ்க்கைக்கு மேலும் ஒரு படம் சேர்ப்பது மாலை மேல் மாலை போடுவது.

எந்த இடத்தில் நிற்பது என்ற கேள்விக்கு வருகிறேன். அத்வைத மல்லபர்மன் தித்தாஸ் நதிக்கரை மாலோ மீனவர் குலத்தில் 1914இல் பிறந்தவர். கல்கத்தாப் பத்திரிகைகளில் வேலை பார்த்துக்கொண்டு தன் மக்களின் கதையை எழுதினார். கைப்பிரதி தொலைந்தது. மறுபடி எழுதினார். 1951இல் காசநோயால் இறந்தார். ‘தித்தாஸ் ஏக்டி நதீர் நாம்’ 1956இல் நூலானபோது அவர் இல்லை. நதி வறண்டு ஒரு சமூகமே அழிவதைச் சொல்லும் அந்த நாவலை ரித்விக் கட்டக் 1973இல், அப்போதுதான் பிறந்திருந்த பங்களாதேஷில், எடுத்தார். பிரிவினையில் தன் கிழக்கு வங்கத்தை இழந்தவர் கட்டக். அவரும் அப்போது காசநோயால் துன்பப்பட்டுக்கொண்டிருந்தார். கட்டக் மீனவரல்ல. ஆனால் மண்ணிழந்தவர். அந்த ஒரு வாசல் வழியாக அவர் நாவலுக்குள் போனார்.

நிமாய் கோஷ் 1950 வாக்கில் எடுத்த ‘சின்னமூல்’ என் வாதத்துக்கு எதிர்ச்சான்று போலத் தோன்றும். பிரிவினை நடந்து மூன்றே ஆண்டுகள். காத்திருக்க அவருக்கு நேரமில்லை. சியால்தா ரயில் நிலையத்தில் குடும்பம் குடும்பமாகக் கிடந்த அகதிகளையே கேமரா முன் நிறுத்தினார். அங்கே கால இடைவெளி தேவைப்படவில்லை, ஏனென்றால் அவர் அவர்களுக்கு நடுவில் நின்றிருந்தார். இந்த நிமாய் கோஷ்தான் பின்னர் சென்னை வந்து, தொழிலாளர் வாழ்வைப் பற்றிய ‘பாதை தெரியுது பார்’ படத்தை 1960இல் இயக்கியவர். சியால்தா நடைமேடையில் தொடங்கிய ஒரு பார்வை எம்.பி. சீனிவாசனின் இசையோடு தமிழுக்கும் வந்து சேர்ந்தது என்பதை நம் சினிமா வரலாற்றில் போதிய அளவு நாம் நினைவுகூரவில்லை.

கொல்கத்தாவில் இன்னும் எதைப் படமாக்கலாம் என்று கேட்டால் முதலில் நான் சொல்வது 1953 ஜூலை. பிரிட்டிஷ் நிறுவனத்தின் கையில் இருந்த டிராம் வண்டியில் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு பைசா உயர்ந்தது. ஒரே ஒரு பைசா. மக்கள் வண்டியில் ஏறி, கண்டக்டரிடம் பழைய கட்டணத்தை மட்டும் நீட்டினார்கள். வேலைநிறுத்தம், தடியடி, கண்ணீர்ப்புகை, துப்பாக்கிச்சூடு என்று நகரம் ஒரு மாதம் கொந்தளித்து, கடைசியில் உயர்வு திரும்பப் பெறப்பட்டது. ஒரு பைசாவுக்காக ஒரு நகரம் ஏன் அடிபட்டது என்ற கேள்விக்கு, காசை நீட்டும் கைகளையும் வாங்கத் தயங்கும் கண்டக்டரின் முகத்தையும் காட்டுகிற கேமராவைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது. அந்தக் கண்டக்டரும் அதே விலைவாசியில் குடும்பம் நடத்துகிறவர்.

அடுத்தது மரிச்ஜாப்பி. தண்டகாரண்ய முகாம்களிலிருந்து புறப்பட்டு வந்து சுந்தரவனத் தீவொன்றில் குடியேறிய தலித் அகதிகளை, 1979 ஜனவரியில் அரசு சுற்றி வளைத்து உணவும் தண்ணீரும் போகாமல் தடுத்தது. பிறகு துப்பாக்கிச்சூடு. மே மாதத்தில் குடிசைகளை எரித்து மக்களை அப்புறப்படுத்தினார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. அமிதவ் கோஷ் தன் நாவலொன்றில் இதைத் தொட்டார். அங்கே அந்த மக்கள் கட்டிய பள்ளிக்கூடம், தோண்டிய குழாய்க் கிணறு, போட்ட சந்தை ஆகியவற்றைப் பற்றிய படம் வேண்டும். சாவின் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டியது படத்தின் வேலையல்ல. ஓர் ஊர் ஓராண்டில் எப்படி உருவானது என்று காட்டினாலே, எதை அழித்தார்கள் என்பது புரிந்துவிடும்.

தமிழுக்கு வருவோம். நமக்கும் இந்தப் பாடம் தெரியாததல்ல. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு நாற்பத்து நான்கு பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புனல்’ நாவலை எழுதினார். அந்த நாவலை ஸ்ரீதர் ராஜன் 1983இல் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ என்று படமாக எடுத்தார். நிலவுடைமையாளனின் தனிப்பட்ட உடற்குறையை நாவல் மையமாக்கிவிட்டது, கூலி கேட்ட போராட்டம் பின்னால் போய்விட்டது என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. இன்றும் அதில் நியாயம் இருக்கிறது. நிகழ்விலிருந்து நாவலுக்கு, நாவலிலிருந்து படத்துக்கு என்று கை மாறும்போது காரணம் இடம் மாறிவிடக்கூடும். பூமணியின் ‘வெக்கை’ ‘அசுரன்’ ஆனது, மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ ‘விசாரணை’ ஆனது, நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கு ‘ஜெய் பீம்’ ஆனது. இந்தத் தேர்வுகளுக்காக நாம் பெருமைப்படலாம். ஒவ்வொன்றிலும் மூலம் எங்கே உயர்ந்தது, எங்கே நாயகனுக்காக வளைந்தது என்று ‘சாருலதா’வைப் பற்றி நடந்தது போன்ற நீண்ட விவாதம் நம்மிடம் நடந்ததா என்பதுதான் என் கேள்வி.

ஒன்றை நான் முன்மொழிகிறேன். 1942இல் ரங்கூன் விழுந்தபோது வங்கத்துக்கு அரிசி நின்றது என்று சொன்னேன். அதே மாதங்களில் பர்மாவிலிருந்த இந்தியர்கள் பல லட்சம் பேர் கால்நடையாகவும் கிடைத்த வண்டியிலும் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டார்கள். அவர்களில் தமிழர்கள் மிகப் பலர். தாமு, பலேல், இம்பால், திமாப்பூர் என்று மலையும் காடும் கடந்த வழியில் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். வெள்ளையருக்கு நல்ல பாதை, இந்தியருக்குக் கெட்ட பாதை என்று பாகுபாடு காட்டியதாக அன்றே புகார் எழுந்தது. ரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா தன் மனைவியோடு அப்படி வந்தவர். அந்த அனுபவத்தை ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ என்று எழுதினார். அலங்காரமில்லாத எழுத்து. என்ன சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள், எந்த மூட்டையை எந்த இடத்தில் விட்டுவிட்டு நடந்தார்கள் என்று பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிற நூல்.

வங்கத்தைப் பட்டினி போட்ட அதே வீழ்ச்சிதான் நம் மக்களையும் நடக்கவைத்தது. ‘அசனி சங்கேத்’ அந்த வரலாற்றின் ஒரு பாதி. இன்னொரு பாதி தமிழில் நூலாக இருக்கிறது, படமாக இல்லை. சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட தமிழர்களின் கதையை மலேசியாவின் ஆர். சண்முகம் நாவலாக்கினார். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ அதே போரை மெதானிலும் பினாங்கிலும் இருந்து பார்க்கிறது. மூன்றையும் ஒருசேரப் படித்தால், இரண்டாம் உலகப் போர் நம் மக்களுக்கு என்ன செய்தது என்ற முழுச் சித்திரம் கிடைக்கிறது. இதற்குப் பதிவேடுகளில் இடமில்லை. வழியில் இறந்த தோட்டத் தொழிலாளியின் பெயரை எந்த அரசும் எழுதிவைக்கவில்லை. ஆகவே கலைக்கு இங்கே வேலை இருக்கிறது.

இதை எடுக்க முன்வருகிற இளம் இயக்குநருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். உரிமை வாங்குவதற்கு முன், கதைநாயகன் யார் என்று முடிவு செய்வதற்கு முன், சாமிநாத சர்மாவின் நூலைக் கையில் வைத்துக்கொண்டு தாமுவிலிருந்து திமாப்பூர் வரை அந்த வழியைப் போய்ப் பாருங்கள். சென்னையிலும் சிவகங்கையிலும் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. நடந்து வந்தவர்களிடம் குழந்தைகளாகக் கதை கேட்டவர்கள் அங்கே இன்னும் பேசுகிறார்கள். அவர்களிடம் உட்காருங்கள். யாரும் கேட்காமல் ஒரு திரைக்கதை எழுதிப் பாருங்கள். ஓரிரு ஆண்டு கழித்து அதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். வாசகர்களாகிய நாம் செய்ய வேண்டியதும் உண்டு. அந்த நூலைத் தேடிப் படித்து, அதைப் பற்றிப் பேசி, எழுதி வைப்போம். மூலத்தை அறிந்த நாலாயிரம் பேர் அரங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், எந்த இயக்குநரும் அதைக் கவனக்குறைவாக எடுக்க மாட்டார்.